அண்ணி காட்டாத கட்டிடம்

என் அண்ணிக்குக் கட்டிடம் காட்டுகிற வேலை. புதிதாகக் கேட்கிறவர்கள் வீட்டுத் தரகர் என்று நினைத்துக்கொள்வார்கள். "அந்த வேலையா இருந்தா நான் எதுக்கு வெயில்ல நடக்கறேன், உக்காந்த இடத்துல கமிஷன் வாங்கியிருப்பேனே" என்பாள். நகரத்தின் பழைய பகுதியில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன ரயில் நிலையம், தலைமைத் தபால் நிலையம், நீதிமன்றம், துறைமுகத்துச் சுங்கக் கட்டிடம் இவற்றைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, கதை சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள், நாற்பது வருஷமாக அதே தெருவில் பஸ் ஏறி இறங்கியும் அண்ணாந்து பார்க்காத உள்ளூர்க்காரர்களும் வருவார்கள்.

நன்றாகச் சொல்வாள். நீதிமன்றத்துப் படிகளுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி, "இந்தப் படியை இவ்வளவு உயரமா ஏன் கட்டினான் தெரியுமா? வழக்குப் போட வர்றவன் பாதியிலயே மூச்சு வாங்கித் திரும்பிப் போயிடட்டும்னுதான்" என்பாள். சிரிப்பு அடங்குவதற்குள் அந்தக் கருங்கல் எங்கிருந்து வந்தது, அதைச் சுமந்தவர்கள் யார், எத்தனை பேர் சாரத்திலிருந்து விழுந்தார்கள் என்று சொல்லிவிடுவாள். சிரித்த வாய் அப்படியே நிற்கும். அந்த இடத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் மறுபக்கத்தில் கண்ணாடியும் இரும்புமாக எழும்பி நிற்கிற கட்டிடங்களில்தான் அவனுக்கு வேலை. "நான் ஆளுங்களை நடக்க வெக்கறேன், உங்க அண்ணன் நடக்கவே விடமாட்டேங்கறார்" என்பாள் அண்ணி. அவன் ஒருமுறைகூட அவளுடைய சுற்றுலாவுக்குப் போனதில்லை. "எல்லாம் ஒரே கல்லுதானே" என்று சொல்லித் தட்டிக்கழித்துவிடுவான். வருத்தப்படுகிறாளா இல்லையா என்று அண்ணி முகத்தில் தெரியாது.

அவர்கள் குடியிருக்கிற அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்தான் என் தையல் கடை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அண்ணி மாடி ஏறமாட்டாள். நேராகக் கடைக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, எனக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். அன்றைக்கு வந்த ஆட்கள் கேட்ட கேள்விகளைச் சொல்லுவாள். ஒரே ஒரு விஷயம். மெஷினில் கைக்குழந்தைச் சட்டை ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், "அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன்" என்று எழுந்து போய்விடுவாள். வெளியிலிருந்து இப்போதுதான் வந்தவள் எப்போது பால் வைத்தாள் என்று நான் கேட்டதில்லை.

நீதிமன்றத்துக்கும் சுங்கக் கட்டிடத்துக்கும் நடுவில் செங்கல்லில் கட்டிய இரண்டு மாடிக் கட்டிடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்ததும் அண்ணி கூட்டத்தைச் சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவாள். "அது என்ன கட்டிடம்?" என்று யாராவது கேட்டால், "பழைய அரசாங்கக் கட்டிடம், உள்ளே விடமாட்டாங்க" என்பாள்.

அது பெண்கள் மருத்துவமனை. அதிகாரிகளின் மனைவிமார் பிரசவத்துக்காகக் கட்டினார்களாம். பிறகு எல்லோருக்குமானது. நான், அண்ணன், எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் பிறந்தோம். அண்ணியின் குழந்தையும் அங்கேதான் பிறந்தது. பெண் குழந்தை. அன்றே போய்விட்டது.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் விளக்கிச் சொல்லவில்லை. பிரசவம் சிக்கலாகி, அண்ணிக்கு ரத்தம் நிற்காமல் போய், ஆபரேஷன் செய்து, இனி பிள்ளை இல்லை என்று ஆக்கி, உயிரை மட்டும் காப்பாற்றினார்கள் என்பதெல்லாம் பின்னால் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டது. அவள் கண் விழித்தபோது சாயங்காலம். பக்கத்தில் எங்கள் அம்மா மட்டும் இருந்திருக்கிறாள்.

"போயிடுச்சும்மா. நீ பாக்காம இருந்ததே நல்லது. பாத்தா மனசை விட்டுப் போகாது" என்றாளாம் அம்மா.

"அவர் எங்க?" என்று கேட்டிருக்கிறாள் அண்ணி.

"வேலைக்குப் போயிருக்கான்."

அவ்வளவுதான். அந்த ஒரு பதில் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை செத்த அன்றைக்கு வேலைக்குப் போன மனுஷன். இரவு அண்ணன் வந்து கட்டிலோரம் நின்றபோது அவனாகச் சொல்லட்டும் என்று இவள் இருந்தாள். இவள் கேட்டால் சொல்லலாம் என்று அவன் இருந்தான். அப்படியே வருஷங்கள் போய்விட்டன. சண்டை போடாத தம்பதி என்று அந்த அடுக்குமாடியில் அவர்களுக்குப் பெயர்.

ஒருமுறை மட்டும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். அம்மா இறந்த வருஷம். பொத்தான் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல், "ஒரு ட்ரேல வெச்சு, துணி போட்டு மூடி, ஆயா எடுத்துட்டுப் போயிருப்பா இல்ல? நான் அப்படித்தான் நினைச்சுக்கறேன். சொந்தக்காரங்க கை ஒண்ணுகூடப் படாமப் போச்சு" என்றாள். நூல் தீர்ந்துவிட்டது என்று எழுந்து அலமாரியைத் திறந்து நின்றேன்.

மருத்துவமனையை ஊருக்கு வெளியே புதுக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். பழையது பூட்டிக் கிடந்தது. அப்புறம் யாரோ குத்தகைக்கு எடுத்து, சுத்தம் செய்து, செங்கல்லைக் கழுவி, கீழே காபிக் கடையும் மேலே ஓவியக் கூடமுமாக ஆக்கினார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. சுற்றுலா அலுவலகத்து முதலாளி அண்ணியைவிட வயதில் சின்னவர். மரியாதையாகத்தான் கேட்டார். "அக்கா, வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. நம்ம நடையில அதையும் சேர்த்துடலாமே."

"அதுல பார்க்க ஒண்ணுமில்ல" என்று சொல்லி அண்ணி ஒரு மழைக்காலம் முழுக்கத் தள்ளினாள். கடைசியில் அவர், "உங்களுக்கு முடியலைன்னா அந்தப் பகுதிக்கு மட்டும் வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் வேறு ஆள் என்றதும் அண்ணிக்கு ஏதோ ஆகிவிட்டது. "நானே போய்ப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டாள்.

என்னைக் கூப்பிட்டாள். கடையை ஒரு நாள் மூடுகிறேன் என்றேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே, "நானும் வரேன்" என்றான்.

அண்ணி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "உங்களுக்கு வேலை இருக்குமே."

"லீவு போட்டுக்கறேன்."

ஒரு வாரநாள் காலையில் போனோம். பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று ஜன்னல். வாசலில் இருந்த பெண் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஆளுக்கொரு வட்டச் சீட்டுக் கொடுத்தாள். கீழ்த்தளத்தில் முன்பு சீட்டு எழுதுகிற வரிசை நிற்கும் இடமெல்லாம் மேஜை நாற்காலி. காபி வாசனை. சுவரில் மட்டும் பழைய பச்சைச் சாயத்தை ஒரு பட்டைக்கு அப்படியே விட்டு, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் பண்ணியிருக்காங்க" என்றாள் அண்ணி. சுற்றுலாவுக்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்கிற குரல்தான். மாடிப்படிக் கைப்பிடி எந்த மரம் என்று தட்டிப் பார்த்தாள். கூரை ஏன் அவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். கொஞ்சம் வேகமாகப் பேசுகிறாள் என்று மட்டும் நினைத்தேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில், பணம் கொடுக்கிற மேடைமேல், குழந்தைகளை எடை போடுகிற பழைய தராசு ஒன்று இருந்தது. தொட்டில் மாதிரி வளைந்த வெள்ளைத் தட்டு, முன்னால் முள். கட்டிடத்தில் கிடைத்ததைத் துடைத்து அழகுக்கு வைத்திருக்கிறார்கள். தட்டு நிறையச் சர்க்கரைப் பொட்டலங்களும் கை துடைக்கிற காகிதங்களும்.

அண்ணி அதைப் பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது. பிறகு பக்கத்தில் போய், பொட்டலங்களைக் கைநிறைய அள்ளி மேடையில் வைத்தாள். காகிதத்தையும் எடுத்து வைத்தாள். முள் மெல்ல ஆடி நின்றது.

காபி போடுகிறவர், "மேடம், அது சும்மா டெக்கரேஷன்" என்றார்.

"தெரியும்" என்றாள் அண்ணி.

நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணோம்.

மாடிக்கு ஏறினோம். வார்டு இருந்த நீளக் கூடத்தில் கட்டில்கள் இருந்த வரிசையிலேயே ஓவியங்களை மாட்டியிருந்தார்கள். அண்ணி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே நடந்து ஓரிடத்தில் நின்றாள். அங்கே கடலோ வானமோ தெரியாத ஒரு நீலப் படம். "இங்கதான்" என்றாள். அழவில்லை. படத்துக்குக் கீழே வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க அண்ணன் எங்க?" என்றாள்.

"கீழ இருப்பான். கூட்டிட்டு வரேன்."

"வேண்டாம். எங்கயாவது போயிருப்பார். அவருக்கு அது பழக்கம்தானே."

அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் நான் கேட்டதில்லை.

கூடத்தின் பின்பக்கக் கதவு திறந்திருந்தது. வெளியே நீளமான வராந்தா. ஓரத்தில் மரக் கைப்பிடி. தூரத்தில் ரயில் நிலையத்துத் தண்டவாளங்கள் தெரிந்தன. அண்ணன் அந்த வராந்தாவின் கோடியில் நின்றான். எங்களைப் பார்த்தும் நிற்காமல் இந்தக் கோடிக்கு நடந்து வந்தான், திரும்பினான், மறுபடி அந்தக் கோடிக்கு நடந்தான். காலடியை எண்ணி வைக்கிற மாதிரி மெதுவான நடை. இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தான்.

அண்ணி கதவோரம் நின்றபடியே சொன்னாள். "அன்னிக்கும் இப்படித்தான். கண்ணு முழிச்சுப் பாக்கறேன், நீங்க இல்ல. வேலைக்குப் போயிட்டீங்க."

அண்ணன் நின்றான். "யார் சொன்னா?"

"அத்தை சொன்னாங்க."

"நான் வேலைக்குப் போகலை." "நான் இங்கதான் இருந்தேன். அவளைத் தூக்கிட்டு இங்கதான் நடந்துட்டிருந்தேன்."

எனக்கு விலகிப் போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் நின்றேன்.

அவன் சொன்னான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனிடம் வயதான நர்ஸ் ஒருத்தி வந்தாளாம். குழந்தைக்கு மூச்சு இருக்கிறது, ஆனால் நிற்காது, டாக்டர் பார்த்துவிட்டார், தொட்டிலில் தனியாகப் போட வேண்டாம், நீ வைத்துக்கொள் என்று துணியோடு அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாளாம். அவனுக்குக் குழந்தையைப் பிடிக்கத் தெரியாது. உட்கார்ந்தால் விழுந்துவிடும் என்று பயம். அதனால் நடந்திருக்கிறான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்.

"என்னமோ பேசிட்டே இருந்தேன். ரயில் போச்சு, ரயில் பாருன்னேன். லிஃப்ட் எப்படி ஓடும்னு சொன்னேன். எனக்கு வேற என்ன தெரியும்? மதியம் வரைக்கும் இருந்தா. அப்புறம் இல்ல. இல்லைன்னு தெரிஞ்சும் கொஞ்ச நேரம் நடந்தேன்."

அண்ணி மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "உயிரோட இருந்தாளா?"

"இருந்தா."

"நான் இங்க, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தேன். என்னை எழுப்பியிருக்கலாமே."

அண்ணன் பொய் சொல்லியிருக்கலாம். எழுப்பினேன், நீ எழுந்திருக்கவில்லை என்று ஒரு வார்த்தை போதும். அவன் சொல்லவில்லை. "எழுப்பலை. உனக்கு ரத்தம் ஏத்திட்டிருந்தாங்க. அதிர்ச்சியில நீயும் போயிடுவியோன்னு பயந்துட்டேன். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல விட முடியாதுன்னு நினைச்சேன்."

"எங்க வெச்சீங்க அவளை?"

"ஆத்தோரம் இடுகாட்டுல, குழந்தைங்களுக்குன்னு ஒரு மூலை இருந்தது. நான்தான் கொண்டு போனேன். அங்க போயிட்டு வர்றதுக்குள்ளதான் நீ முழிச்சிருக்க." கொஞ்சம் நிறுத்தினான். "அது இப்போ இல்ல. மேம்பாலம் வந்துடுச்சு. தினமும் கம்பெனி வேன்ல அது மேலதான் வேலைக்குப் போறேன்."

வீட்டுக்குத் திரும்பும்போதும் பஸ்ஸில் மூன்று பேருக்கும் மூன்று ஜன்னல்.

சொல்லிவிட்டதால் பாரம் இறங்கி இருவரும் ஒன்றாகிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அண்ணி அவனோடு பேச்சை நிறுத்தினாள். அதுவரை பேசாமலிருந்தது வேறு, இது வேறு. சாப்பாட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு என் கடைக்கு வந்துவிடுவாள். அவன் தனியாகச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான்.

"அண்ணி, அவனும் பாவம்தானே" என்றேன் ஒருநாள்.

"பாவம்தான். இல்லைங்கல." நூலைப் பல்லால் கடித்தாள். "அவளைத் தூக்கறதுக்கு யாருமில்லைன்னு நினைச்சு நினைச்சுத்தான் நான் பாதியா போனேன். அவர் தூக்கியிருக்கார். அது தெரிஞ்சதும் மொதல்ல நெஞ்சு குளுந்துதான் போச்சு. ஆனா பாரு, இத்தனை வருஷமா என் பொண்ணை அவர் ஒருத்தரே வெச்சுக்கிட்டிருந்திருக்கார். எனக்குப் பாதி குடுத்திருக்கலாமில்ல?"

எங்கள் அம்மாவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்தேன். அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். அண்ணி கையை ஆட்டி நிறுத்தினாள். "அத்தைக்கும் ரெண்டு குழந்தை தவறியிருக்கு. தனக்கு எது உதவுச்சோ அதை எனக்குக் குடுத்தாங்க. எனக்கு அது உதவலை, அவ்வளவுதான்."

அவளாகவே முதலாளியிடம் போய், அந்தக் கட்டிடத்தை நடையில் சேர்க்கச் சொன்னாள். நான் ஒருமுறை கூட்டத்தோடு கூட்டமாகப் போய்க் கேட்டேன். தராசிலிருந்து பொட்டலங்களை எடுத்து ஓரமாக வைத்தாள். காபிக் கடைக்காரரிடம் எடுத்துவிடும்படி கேட்டுப் பார்த்திருக்கிறாள். எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். அதனால் ஒவ்வொரு தடவையும் இவள் எடுப்பாள், இவர்கள் போனதும் அவர் மறுபடி நிரப்புவார். "இதுல இந்த ஊர்க் குழந்தைங்களை எடை போட்டாங்க" என்றாள். அங்கே வேடிக்கை எதுவும் சொல்லவில்லை.

மாடி வராந்தாவில் அவள் கட்டிடக்கலை பேசினாள். பிரசவ வார்டுக்கு ஏன் பின்பக்க வராந்தா வைத்தார்கள், காற்றும் வெளிச்சமும் தாய்க்கு நல்லது என்று அந்தக் காலத்து டாக்டர்கள் நம்பினார்கள் என்றெல்லாம். கடைசியில், "அப்பாக்கள் இங்கதான் காத்திருப்பாங்க. சில பேர் குழந்தையைத் தூக்கிட்டு இங்க நடந்திருக்காங்க" என்றாள். ஒரு இளம் ஜோடி தண்டவாளத்தைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணி அவர்களுக்காக ஒதுங்கி நின்றாள்.

பேச்சு எப்படித் திரும்ப வந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒருநாள் மின்கட்டண ரசீது கொடுக்க மாடிக்குப் போனேன். அண்ணன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தான், அண்ணி துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"முடி இருந்துதா?" என்றாள்.

"நிறைய. நெத்தி வரைக்கும்."

ஒரு தட்டைத் துடைத்து வைத்தாள். அவ்வளவுதான், அன்றைக்கு அதற்கு மேல் கேட்கவில்லை. இப்படித்தான் போலிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று. சில நாள் ஒன்றுமில்லை. நிறம் என்ன, அழுதாளா, விரலை மூடியிருந்தாளா, விரித்திருந்தாளா. அவனுக்குத் தெரிந்ததைச் சொல்கிறான். தெரியாததை ஞாபகமில்லை என்கிறான். அப்படி அவன் சொல்கிற நாட்களில் அண்ணி கடைக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கென்று மிச்சம் இருப்பதெல்லாம் அவன் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அவனுக்கோ வயதாகிக்கொண்டு வருகிறது.

போன வாரம் அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள். மெஷினில் கைக்குழந்தைச் சட்டை ஒன்று இருந்தது. நான் அவசரமாக அதை உருவப் போனேன். "இருக்கட்டும், தை" என்றாள்.

கொஞ்ச நேரம் மெஷின் ஓடியது.

"கண்ணைத் திறந்தாளான்னு கேட்டேன்" என்றாள்.

நான் பெடலிலிருந்து காலை எடுத்தேன். "என்ன சொன்னான்?"

"திறக்கலையாம்."

சட்டையின் விளிம்பை விரலால் நீவிவிட்டாள். "அப்ப அவரையும் அவ பாக்கலை" என்றாள்.